அம்மாவுக்குச் சொல்லாமல் நிறுத்திய பக்கம்

எருமப்பட்டி
தாது வருடம் தை மாதம் 12ந் தேதி

சிரஞ்சீவி தங்கசாமிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் ஆடு மாடுகளும் சுகம், பட்டணத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று உடனே பதில் எழுதவும். சோளம் அறுத்துப் போர் போட்டாயிற்று, கிணற்றில் இன்னும் இரண்டாள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. பரீட்சையில் தவறிவிட்டதாக நீ எழுதிய காகிதம் வந்தது. நாலு தடவை படித்தேன், நெட்டுருப் போட்டேன், கேள்வியைப் பார்த்ததும் ஒன்றும் நிற்கவில்லை என்கிறாய். கோபம் வந்தது உண்மை, ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஏர் ஓட்டினேன். அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று, புதுப் பதிப்பு வாங்கியதும் நீ பரண்மேல் போட்டுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் வைத்தியப் புஸ்தகத்தை இறக்கினேன்.

நான் ஐந்தாம் பாரத்தோடு நின்றவன், அகராதியும் கையுமாக ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடும். ஆனாலும் சொல்கிறேன், நீ படிப்பது படிப்பே இல்லை சாமி. வரிக்கு வரி சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறாய், எல்லாமே முக்கியம் என்றால் எதுதான் முக்கியம். நான் முதலில் தலைப்புகளையும் கடைசிப் பத்தியையும் பார்த்துவிடுவேன், இந்த மனுஷன் நம்மை எங்கே கூட்டிப்போகிறான் என்று தெரிந்தால்தானே கூட நடக்க முடியும். சில சமயம், பெரும்பாலும், ஆரம்பத்தில் மட்டும் என்று வருகிற சின்ன வார்த்தைகளை நீ தாண்டிக் குதித்துப் போகிறாய், விஷயம் முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் கண்ணால் கண்ட ஒரு ஆளை நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் புஸ்தகத்தை மூடிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அன்றைய பக்கத்தை உன் அம்மாவுக்கு நம் பேச்சில் சொல்வேன். எங்கே நாக்குத் தடுக்குகிறதோ அங்கே எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி திறந்து பார்ப்பேன். அவள் எழுத்து அறியாதவள்தான், ஆனால் அவள் கேட்கிற கேள்விக்கு உன் வாத்தியாரே திணறிப்போவார். மலேரியாவைச் சொன்னபோது, அப்ப அந்தக் கொசு யாருகிட்ட இருந்துங்க அதை வாங்கிட்டு வந்துச்சு என்றாள். பதில் தேட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

போன வாரம் பெருவியாதி, அதாவது குஷ்டரோகப் பாடம். அதற்கு மட்டும் எனக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை. வழக்கம்போல உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் புண் இருக்காது, தோலில் வெளிறின ஒரு படை இருக்கும், அந்த இடத்தில் வேர்க்காது, சுண்டுவிரல் மெல்ல மடங்கும், கையில் நெருப்பு வைத்தாலும் அவனுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த நெருப்புக் கங்கை உன் அம்மா எடுத்திருந்தாள், கதை கேட்கிற நினைப்பில் திரும்ப அடுப்பில் போட மறந்து உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். தோல் தீய்கிற வாசம் எனக்கு வருகிறது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அப்பறம் என்னங்க என்றாள். கங்கைத் தட்டிவிட்டு, அவ்வளவுதான், பக்கம் முடிந்தது என்றேன்.

மூன்று வருஷமாக மாரியம்மன் நோன்பில் வேப்பிலை கூட வைக்காமல் வெறுங்கையில் தீச்சட்டி ஏந்துகிறாளே, அம்மன் இறங்கிய கை என்று ஊரே விழுந்து கும்பிடுகிறதே, நீயும் பரீட்சைக்குக் கிளம்புமுன் அந்தக் கையைத் தலையில் வைக்கச் சொல்லி நின்றாயே. முழங்கைக்குக் கீழே இருக்கிற வெளுப்பைத் தேமல் என்று மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம். மறுநாள் அவள் மாவு இடித்து முடித்தபோது கவனித்தேன், கை முழுக்க வேர்வை ஓடுகிறது, அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. பையனுடைய பாடத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது, கண்ணை மூடிக்கொள், தொட்ட இடத்தைச் சொல் என்றேன். கோழி இறகால் தோளைத் தொட்டேன், சரியாகச் சொன்னாள். முழங்கைக்குக் கீழே இரண்டு மூன்று முறை வருடினேன், பேசாமல் இருந்தாள். ஊசியை எடுத்தேன். சுண்டுவிரலில் இரத்தம் துளிர்த்து நிற்கிறது, அவள் கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டு, ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கலீங்களா என்றாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று சொல்லிக் கட்டுத்தறிக்குப் போய் அழுதேன் சாமி.

பங்குனியில் காப்புக் கட்டு. கோயில் வீட்டுக் கண்ணாத்தாள் நேற்றே வந்து, இந்த வருசமும் உங்க கையிதானுங்க சட்டி எடுக்கோணும், சேந்தமங்கலத்துல இருந்தெல்லாம் பார்க்க வாராங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். காய்ச்சல் கண்ட குழந்தைகளை இன்னும் கொண்டுவந்து அவள் மடியில் போடுகிறார்கள், அவள் அந்தக் கையால் தட்டிக்கொடுக்கிறாள், நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கும்பிடுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்தால் ஊருக்குள் இருக்க விடமாட்டார்கள். அம்மனே உண்மையில் இறங்கியிருந்தால் என்கிற எண்ணமும் என்னை விடவில்லை. நீரடிமுத்து எண்ணெயை ஆரம்பத்திலேயே ஊசியாகப் போட்டால் குணம் தெரியும் என்று புஸ்தகம் சொல்கிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் என்று இருக்கிறதா, சில சமயம் என்று இருக்கிறதா என்று பத்துத் தடவை அகராதி பார்த்துவிட்டேன். பெரும்பாலும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் என் இங்கிலீஷை நான் நம்பவில்லை. உன் புதுப் பதிப்பில் அந்த ஒரு வரியைப் பார்த்து எழுது.

பிறகு பாடம் முழுவதையும் முதலிலிருந்து படி. நோயாளி என்று வருகிற இடத்திலெல்லாம் பாப்பாயி என்று உன் அம்மா பெயரை வைத்துப் படி. மாசி முடியுமுன் லீவு கேட்டு வந்து, ஒரு இங்கிலீஷ் வார்த்தை கலக்காமல் அவளுக்கு அதைச் சொல். மீதியை எப்பங்க சொல்வீங்க என்று தினமும் கேட்கிறாள், எனக்கு வாய் வரவில்லை. இந்தக் காகிதத்தை அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் கண்ணில் படாமல் கிழித்துவிடு. எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மன் துணை இருப்பாள். உன் அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். பையனுக்கு என்னங்க இத்தனை நீளமா எழுதறீங்க என்று பக்கத்திலேயே நின்று கேட்கிறாள். அவன் படிப்பைப் பற்றித்தான் என்று சொன்னேன், அது பொய்யில்லை.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா
அப்புசாமி