மனைவி தரப்பில் குறை ஏதுமில்லை

பிப்ரவரி 4

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலம். உன் கண்ணாடிக் கடை முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டி நீ கொடுத்தனுப்பிய பத்துக் கவர்களில் முதலாவது இது.

போனில் பேசினால் என்ன என்பாய். அப்பீலுக்காகத் தங்கியிருக்கும் இந்த அறையில் நான்கு கட்டில். நான்கு பேரும் பழைய பட்டாளத்து ஆட்கள், நான்கு பேருக்கும் அப்பீல். ஒருவருக்குக் காது, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு முதுகு. "உனக்கு என்னப்பா?" என்றார்கள். "இடுப்பு" என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லையே, லாரி கவிழ்ந்ததில் உடைந்தது இடுப்புதானே.

இடுப்புக்கான ஊனச் சதவீதத்தைப் பென்ஷன் ஆபீஸில் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மற்றதைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று ஃபைலின் நகல் கைக்குக் கிடைத்தது. மறுத்ததற்கு இரண்டு காரணம் எழுதியிருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, நரம்பு கெட்டதற்கு ஆதாரமில்லை என்பது ஒன்று. இன்னொன்று ஒரே வரி: "விறைப்புக் குறைபாடு: நேரில் விசாரித்ததில், மனைவி தரப்பில் குறை ஏதுமில்லை."

நீ என்ன சொன்னாய்? கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தக் குறையை ஒத்துக்கொள்ளும் தாள் இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். குழந்தை இல்லாததற்கு நீ காரணமில்லை என்று அம்மாவிடம் என் வாயால் சொல்ல வரவில்லை. முத்திரை போட்ட ஒரு தாள் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் உன்னை அவர் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

உன் டிரைவர்


பிப்ரவரி 9

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

கடிதம் கடைக்கு வந்து சேர்ந்தது. "யாரும்மா இந்தக் காலத்துல லெட்டர் போடறது?" என்றார் முதலாளியம்மா. லென்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியல் என்றேன். உங்கள் இடுப்பைவிடப் பெரிய பொய்.

விசாரணை நடந்ததைச் சொல்கிறேன். நீளமான வராந்தா. பெஞ்சில் என் பக்கத்தில் அத்தை. இடுப்புக்கான பென்ஷன் விசாரணை என்று நினைத்துத் துணைக்கு வந்திருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தவில்லை. அந்த அதிகாரி தலையை நிமிர்த்தாமலே, "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஏதாச்சும் குறை உண்டாம்மா?" என்று கேட்டார்.

"எந்தக் குறையும் இல்ல சார்" என்றேன்.

கல்யாணமானதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்கிற பதில் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் கேட்டது வேறு என்று படியிறங்கும்போதுதான் உறைத்தது. திரும்ப மேலே ஓடினேன். அதற்குள் அடுத்தவரை உள்ளே விட்டிருந்தார்கள். புரிந்திருந்தாலும், அத்தை காதில் விழும்படி சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அத்தைக்குப் பவர் மாறியிருந்தது. நானே அளவெடுத்துப் புதுக் கண்ணாடி செய்து கொடுத்தேன். இப்போது சோப்பு உறையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடுவதில்லை. என் மாத்திரை அட்டையையும் வாசித்து, "நேத்து ஒண்ணு குறையணுமே, குறையலையே?" என்கிறார். அவர் கூட்டிப்போன லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள்தான். எனக்கு இல்லாத வியாதிக்கு ஏழு மாதமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நானே சொல்லிவிடட்டுமா?

கண்ணாடி


பிப்ரவரி 15

அன்புள்ள கண்ணாடிக்கு,

சொல்லாதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அம்மாவிடம் மட்டும் சொல்லாதே. மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது. இதை ஏன் இத்தனை நாள் மறைத்தாய்?

இங்கே அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் ஒருவர் இருக்கிறார். காதில் எப்போதும் பென்சில் இருப்பதால் பெயரே பென்சில். வரியைக் காட்டினேன். "சம்சாரம் கைப்பட எழுதிக் குடுத்தா உண்டு தம்பி. அன்னைக்குச் சொன்னது ஏன் தப்பு, எப்போலேருந்து, எப்படின்னு உடைச்சு எழுதணும். பட்டும் படாம எழுதினா தூக்கிக் கடாசிடுவான்" என்றார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. டீக்கடையில் நின்ற பாதிப் பேருக்கு என் இடுப்பு எது என்று இப்போது தெரியும்.

உன்னிடம் இதைக் கேட்கக் கூசுகிறது. வேறு வழி தெரியவில்லை. மார்ச் இருபதுக்குள் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு வாசிக்கும் என்கிறார்கள்.

உன் டிரைவர்


மார்ச் 3

அன்புள்ளவருக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவதை இத்துடன் வைத்திருக்கிறேன். கடையில் மதியம் ஆளில்லாத நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் மெஷினை ஓடவிட்டுக்கொண்டு எழுதினேன். அந்தச் சத்தம் இருந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

உள் உறையை ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து பிரிக்காதீர்கள். அது உங்களுக்கு எழுதியது அல்ல. நான் முகம் பார்க்கப்போகாத மூன்று பேருக்கு எழுதியது. அந்தத் தைரியத்தில்தான் எழுத முடிந்தது. உங்களிடம் சொல்ல வேண்டியதை நீங்கள் வந்ததும் நேரில் சொல்கிறேன்.

நம் அறைக் கதவு அடியில் தட்டிக்கொண்டு மூடாமலே இருந்ததல்லவா? தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னேன். இப்போது முழுதாகச் சாத்துகிறது. அத்தை, "இருக்கறது ஒரு ஆளு, கதவு எதுக்கு?" என்றார்.

தாள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாருங்கள்.

கண்ணாடி


மார்ச் 23

அன்புள்ள கண்ணாடிக்கு,

பிரித்துவிட்டேன்.

கெடுவின் கடைசி நாள். டோக்கன் நாற்பத்தொன்று. முப்பத்தெட்டைக் கூப்பிடும்வரை உறையைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். வியர்வையில் ஓரம் விட்டிருந்தது. அதுவாகத் திறந்துகொண்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விரலை விட்டுத் திறந்தது நான்.

நீ எழுதிய எதுவும் தப்பில்லை. தேதி சரி, ஆஸ்பத்திரி சரி, மற்றதும் சரி. அதையெல்லாம் வாசித்துவிட்டேன். இந்த வரியைத் தாண்ட முடியவில்லை: "ஒவ்வொரு முறையும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, நான் தூங்கிவிட்டதாக நினைத்து, மன்னித்துவிடு என்று சொல்வார். நான் தூங்கியதில்லை."

இரண்டரை வருஷமாகக் கேட்டுக்கொண்டா இருந்தாய்? நான் அதைச் சுவரிடம்தானே சொன்னேன்.

கவுண்டரில் இருந்தவர் எதை வாங்கினாலும் முதல் பக்கத்தை அங்கேயே வாசித்துப் பார்க்கிறார். எனக்கு முன்னால் போனது எங்கள் அறையின் காதுக்காரர். அவர் மனைவி எழுதியதை, "கூப்பிட்டா திரும்பறதில்லைன்னு எழுதியிருக்கு, சரியா?" என்று வரிசைக்கே கேட்கும்படி படித்தார். நாலு பேர் சிரித்தார்கள். என் முறை வந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டினார். "புதுசா ஏதாச்சும் குடுக்கறீங்களா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அப்படியே குறித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

என்னைத் திட்டு. இங்கே ஒரு கிடங்கில் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள். கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன். உன் முகத்தை இப்போது என்னால் பார்க்க முடியாது. அம்மாவிடம் சொல்லாதே.

டிரைவர்


ஏப்ரல் 27

அன்புள்ளவருக்கு,

மார்ச் கடைசியில் ஒன்று, ஏப்ரலில் இரண்டு. மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. திட்டி எழுதியிருந்தால் பதில் வந்திருக்குமோ என்னவோ. வாருங்கள் என்றுதான் மூன்றிலும் எழுதியிருந்தேன்.

இது நான்காவது. இதில் அப்படி எழுதப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. ஃபைலில் இருப்பது வீட்டு முகவரி அல்லவா, அங்கேதான் வந்தது. நான் கடையில் இருந்தேன். அத்தை கையெழுத்துப் போட்டு வாங்கி, நான் செய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் வாசித்திருக்கிறார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாத்தியா? கவர்மென்டே எழுதிக் குடுத்திருச்சு. என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையாம்."

நான் தாளை வாங்கினேன். புதிய சான்று எதுவும் அளிக்கப்படாததால் முந்தைய முடிவே உறுதி செய்யப்படுகிறது என்று இருந்தது. அதன் கீழே அந்தப் பழைய வரி.

"அது என்ன விறைப்புன்னு போட்டிருக்கு? இடுப்பு விறைச்சுக்குதுன்னானே, அதுவா?"

"ஆமாம் அத்தை."

"அதுவும் இல்லையாம் பாரு. உச்சியிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்துட்டுத்தானே எழுதியிருப்பான்? குறை எங்க இருக்குன்னு இனிமே நான் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்ல."

நீங்கள் ஆசைப்பட்ட அதே முத்திரை, அதே மாதிரித் தாள். உத்தரவைக் கல்யாணப் போட்டோவின் சட்டத்தில் செருகி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் வாசிக்க வேண்டுமாம். உங்கள் மடிப்புச் சட்டைக்கும் என் தோளுக்கும் நடுவில் இருக்கிறது.

சொல்லாதே என்றீர்கள். சொல்லவில்லை. உங்களுக்காக நான் வாய் மூடியது அதுவே கடைசி.

மாத்திரையை நிறுத்திவிட்டேன். கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. முதலாளியம்மா ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், எழுத ஒரு மேஜை. அத்தையோடு வந்து இருப்பதாக உங்கள் அக்கா சொல்லியிருக்கிறார். நாளை மாறுகிறேன்.

அன்றைக்கு அந்த அதிகாரியிடம் நான் சொன்னது பொய் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் பொய்யில்லை. உங்கள் உடம்பைப் பற்றி எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. சுவரிடம் சொன்னீர்களே, அதை இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கலாம். நான் விழித்துத்தான் இருந்தேன். அந்த ஒன்றுதான் என் குறை. இதற்கு அப்பீல் எதுவும் இல்லை.

நான் முகவரி எழுதிய கவர் உங்களிடம் இன்னும் ஏழு இருக்கும். முகவரியை அடித்துவிட்டு வேறு யாருக்காவது எழுதுங்கள். தபால்தலை வீணாக வேண்டாம்.

இப்படிக்கு,
மனைவி தரப்பு