பீடத்துக்கு ஓர் ஆள்

குருஷெவ்கா, பல்கேரியா

அன்புள்ள சகாரிக்கு,

நானும் மகளும் நலம். நீயும் நலம் என்று எனக்குத் தெரியும், ஊருக்குத்தான் தெரியவில்லை. போன வாரம் உனக்குத் துக்கம் விசாரித்து முடித்துவிட்டார்கள்.

சதுக்கத்தில் பழைய தலைவரின் சிலையை இறக்கியதிலிருந்து பீடம் காலியாகக் கிடக்கிறதல்லவா? அதில் யாரை ஏற்றுவது என்று நகர மன்றத்தில் அடிதடி. பாதிப்பேர் ஒரு பழைய அரசரைச் சொல்ல, மீதிப்பேர் ஒரு கிளர்ச்சிக்காரரைச் சொன்னார்கள். கடைசியில் மேயர் ரதோஸ்லாவ், "அரசனா நமக்கு ரொட்டி போடுறான்? வெளிநாட்டுல கல்லு மண்ணு சுமக்குறவனாலதான் இந்த ஊரு நிக்குது, அவனுக்கு வைப்போம்" என்றாராம். நீ பையோடு ஸ்பெயின் பேருந்தில் ஏறும் படத்தை மாதிரிக்கென்று என்னிடம் கேட்டு வாங்கிப் போனார்.

மக்கள் கருத்தைக் கேட்க அதைப் பெரிதாக அச்சடித்துக் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டிவிட்டார். நம் ஊரில் செத்தவர்கள் படத்தைத்தானே அப்படி ஒட்டுவோம்? கீழே 'சிலைக்கு மாதிரி' என்றிருந்த பொடி எழுத்தை யார் படித்தார்கள்? பக்கத்து வீட்டு சோன்கா அக்கா, துக்க வீட்டு வழக்கப்படி அவித்த கோதுமையும் இரட்டைப்படையில் பூவுமாக அழுதபடி வந்து, "நெவேனா, எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியேடி" என்றாள்.

எனக்குத்தான் சேதி வரவில்லையோ என்று பயந்துவிட்டேன். உன்னைப் போனில் அழைத்தால், "வேலை நேரத்துல என்னடி?" என்று எரிந்து விழுந்தாய். அந்த எரிச்சல் எவ்வளவு இனித்தது தெரியுமா?

விஷயம் தெரிந்ததும், துக்கம் கேட்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒயினைக் காலி செய்தார்கள். தையல்கார பெட்கோவுக்கு மட்டும் வருத்தம். "அவனப் பத்தி நல்லதா நாலு வார்த்த யோசிச்சு வச்சிருந்தேன், கஷ்டப்பட்டு. வீணாப் போச்சு" என்றார்.

மறுநாள் மேயர் மன்னிப்புக் கேட்க வந்தார். சிலைக்கு வீட்டார் சம்மதம் வேண்டுமாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நம் மகள் அவரிடம், "அப்பா செலையா நின்னா தெனமும் பாக்கலாம்ல?" என்று கேட்டாள். அவள் பிறந்த வருடம் போனவன் நீ. அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். சம்மதம் சொல்ல இலையுதிர் காலம் வரை தவணை வாங்கியிருக்கிறேன். புனித நிக்கோலா உன் வழிக்குத் துணையிருக்கட்டும். மேயருக்கான பதிலை நீயே நேரில் வந்து சொல்.

உன்
நெவேனா