கதவைச் சாத்திய பேச்சியம்மாவுக்கு

மதினி,

இன்று காலை உங்கள் சிரிப்பு என் கடைக்குள் கேட்டது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, நான் டேப்பைத் தேடிய நேரத்தில் கைபேசியில் நீங்கள் நடித்த அந்தப் பழைய டிவி தொடரை ஓட்டிக்கொண்டிருந்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம், பிறகு தொண்டை திறந்துகொண்டு ஒரு சிரிப்பு. போடியில் வேறு யாருக்கும் அப்படிச் சிரிக்க வராது.

"இந்தம்மா சூப்பரா நடிக்கும்க்கா. ஆனா பெத்த மகளை வெளிய நிறுத்திக் கதவச் சாத்துச்சு பாருங்க, அன்னையிலருந்து எனக்குப் பிடிக்கல" என்றாள்.

அவளுடைய தோளை அளந்தேன். எவ்வளவு என்பது மறந்துபோய் மறுபடியும் அளந்தேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. உங்களைப் பற்றி ஊர் சொல்கிற அபிப்பிராயம் மட்டும் முடியவில்லை.

குரங்கணியில் படப்பிடிப்பு நடக்கிறது, கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று சொன்னபோது, ஏலக்காய்க் கடையில் காய் பிரித்துக்கொண்டிருந்த நீங்கள் ஒரு நாள் வேடிக்கைக்காகத்தான் போனீர்கள். கேமரா ஓடும்போதே முன்னால் நின்றவரைப் பார்த்து, "ஏப்பா, மறைக்காதப்பா, எம் மூஞ்சியும் கொஞ்சம் தெரியட்டும்" என்று சத்தம் போட்டீர்களாம். மொத்தக் கூட்டமும் சிரித்திருக்கிறது. டைரக்டர் தம்பி அங்கேயே உங்களைப் பேச்சியம்மா ஆக்கிவிட்டார், கதாநாயகிக்கு அம்மா. உங்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்ததால் நானும் ஊசி நூலோடு ஜீப்பில் உங்களுடன் வரத் தொடங்கினேன்.

அந்த மாதங்களில் என் கடையில் துணி பேசியதைவிடத் தொடர் பேசியதுதான் அதிகம். கதாநாயகி அழுதாலும் மை கலைவதில்லை என்று ஒருத்தி குறை சொல்வாள். பெரிய அண்ணனாக வருகிறவன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறான் என்று இன்னொருத்தி உருகுவாள். முடிவில் எல்லாரும் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். பேச்சியம்மா வந்தால்தான் வீடு வீடாக இருக்கிறது என்பார்கள். நீங்கள் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனால், விலை கேட்பதற்குள் நான்கு பேர் சிரித்துவிடுவார்கள். உங்களுக்கும் அது பிடித்திருந்தது. உங்கள் மகள் கவிதா வீட்டைவிட்டுப் போனபிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கவிதா போனது ஊருக்கே தெரியும். மலைமேல் பூப்பாறையில் ஜீப் ஓட்டுகிற மலையாளப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றாள். என் அண்ணன் உள்ளேயிருந்து, "சாத்து கதவை" என்றார். சாத்தியது நீங்கள். அதன்பிறகு அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

குரங்கணியில் படப்பிடிப்பு நடந்த வீட்டில் ஒருநாள், எடுக்கப்போகிற காட்சியைக் காலையில்தான் உங்களிடம் சொன்னார்கள். காதலித்துப் போன மகள் திரும்பி வருகிறாள். பேச்சியம்மா கதவைச் சாத்த வேண்டும். யாரும் உங்கள் கதையைத் திருடவில்லை, எல்லாத் தொடரிலும் வருகிற காட்சிதான். ஆனால் உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"சாத்தித்தான் ஆகணுமா தம்பி?"

"ஆமாங்கம்மா. கொஞ்ச நாள்தான், அப்புறம் நீங்களே தெறந்துருவீங்க."

உங்கள் முந்தானையைச் சரிசெய்ய வேண்டி நான் கதவுக்கு உட்பக்கம் நின்றிருந்தேன். நீங்கள் சாத்தினீர்கள். வெளியே கைதட்டினார்கள், 'கட்' என்றார்கள். நீங்கள் தாழ்ப்பாளை விடவே இல்லை. உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுத்தேன்.

அது ஒளிபரப்பான மறுநாள் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கைபேசியில் ஒருவன், இவள் எல்லாம் ஒரு தாயா என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழேயே, இப்படித்தான் இருக்க வேண்டும், ஓடுகாலிகளுக்குப் புத்தி வரட்டும் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். டீக்கடையில் அண்ணனின் முதுகில் தட்டி, "ஒம் பொண்டாட்டி டிவியிலயும் சரியாத்தான் செஞ்சிருக்கா" என்று பாராட்டினார்கள். அவர் அன்று உங்களுக்குப் பூ வாங்கி வந்தார். நீங்கள் அதைத் தலையில் வைக்கவில்லை.

அன்று மத்தியானம் என் கடைப் போனுக்குக் கவிதா கூப்பிட்டாள்.

"அத்தே, அம்மா என்னைய நெனச்சுத்தான் சாத்துனாங்களா?"

"ஏத்தா, அது நடிப்புத்தா."

"நடிப்பு மாதிரி இல்லயே அத்தே. அன்னைக்கு எப்படிச் சாத்துனாங்களோ அதே மாதிரி இருந்துச்சு. மாசமா இருக்கேன். பிரசவத்துக்குக் கீழ வரணும், அம்மா கால்ல விழுந்தாவது உள்ள போயிரணும்னு இருந்தேன். இனி வரமாட்டேன்."

போனை வைத்துவிட்டாள். கடையைப் பூட்டாமலே உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு டைரக்டர் தம்பியைப் போனில் பிடித்தீர்கள். கதவு எப்போது திறக்கும் என்று கேட்டீர்கள். சனங்களுக்கு அந்தக் காட்சி பிடித்துவிட்டதாம், கோபத்தை இன்னும் ஆறு மாதம் இழுக்கப் போகிறார்களாம். "சரி தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன், இருக்கச் சொன்னீர்கள்.

"விடிஞ்சதும் மேல போறேன்."

"என்ன, சூட்டிங்கா?"

"கவிதாவப் பாக்க. மாசமா இருக்கா."

அண்ணன் சட்டையைக் கழற்றப் போன கையை நிறுத்தினார். தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "ஊரு இன்னைக்குத்தான் என்னைய மதிச்சுப் பேசுச்சு. போறதுன்னா போ. திரும்பி வராத."

"சரி. கொழம்பு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுக்கங்க."

உங்கள் குரல் நடுங்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு அவர் முன்னால் வைத்தீர்கள்.

விடிந்ததும் நானும் உங்களோடு கிளம்பினேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில்தான் நமக்கு இடம் கிடைத்தது. மலையடிவாரத்து முந்தலைத் தாண்டுவதற்குள் உங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஏய், பேச்சியம்மாடீ!"

"ஆத்தா, அந்தச் சிறுக்கியச் சேத்துக்கிராதீக. கெடந்து அனுபவிக்கட்டும்" என்றாள் முன்னால் இருந்தவள்.

"ஒனக்கென்னடி தெரியும்? பெத்த வயிறு எப்படித் துடிக்கும்? நீங்க தெறந்துருக்கணும் ஆத்தா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் ஒரு பக்கம் சாய, அவர்கள் உங்கள் மேல் விழுந்துகொண்டே சண்டை போட்டார்கள். மகளை மன்னிப்பதா வேண்டாமா என்று உங்களுக்கே யோசனை சொன்னார்கள். நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவீர்களோ என்று பயந்தேன். நீங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினீர்கள். கடைசியில் ஒருத்தி, "நீங்களே சொல்லுங்க, தெறப்பீங்களா மாட்டீங்களா?" என்று மடக்கினாள்.

"தெரியலத்தா. மொதல்ல அவ தெறக்கணும்" என்றீர்கள்.

அது தொடரைப் பற்றிய பதில் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள்.

பூப்பாறையில் தூறல். கவிதாவின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தவள் உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் கூப்பிட வாயெடுத்தேன். "நீ பேசாத செல்வி" என்றீர்கள். நான் பிடித்த குடைக்குள்ளும் வரவில்லை. முற்றத்திலேயே நனைந்துகொண்டு நின்றீர்கள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"கவிதா, டிவிக்காரத் தம்பி சாத்தச் சொன்னான், சாத்துனேன். உங்கப்பா சாத்தச் சொன்னாரு, அன்னைக்கும் சாத்துனேன். யாரு சொன்னாலும் கை என் கைதான. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ வான்னு சொல்லாட்டி போயிர்றேன்."

திரும்பி நடந்துவிடுவீர்கள் என்றே நினைத்தேன். அப்போது அவள் கதவுக்குப் பின்னாலிருந்து அழுகையோடு சொன்னாள்: "காப்பி ஆறுது. நனையாம உள்ள வாங்க."

பிரசவம் முடிகிறவரை நீங்கள் மலையிலேயே இருந்துவிட்டீர்கள். பேச்சியம்மா காசிக்குப் போய்விட்டதாகத் தொடரில் சொன்னார்கள். பிறகு வேறொரு நடிகை பேச்சியம்மாவாக வந்தார். பழைய பேச்சியம்மா மாதிரி இல்லை என்று சனங்கள் அலுத்துக்கொண்டார்கள். நான் போனில் சொன்னதும் மூக்கால் அந்தச் சத்தத்தை எழுப்பினீர்கள். பின்னாலேயே குழந்தையின் அழுகையும் கேட்டது.

நீங்கள் திரும்பி வந்தபோது அண்ணன் எதுவும் கேட்கவில்லை, தட்டை மட்டும் எடுத்து வைத்தார். ஆனால் கவிதாவின் பேச்சை எடுக்க விடவில்லை. அடுத்த மழையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. கவிதா கைக்குழந்தையோடு இறங்கி வந்தாள். அண்ணன் அவளைத் தடுக்கவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. காரியம் முடிந்து அவள் மலைக்குப் போன பிறகு, ஒருநாள் கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்கிற சாக்கில் என் கடைக்கு வந்தார்.

"செல்வி, மேல போற ஜீப்பு எங்க நிக்கும்?"

சொன்னேன்.

"கூட வரவா அண்ணே?"

"வேணாம்த்தா. நானே போறேன்."

போய் நான்கைந்து நாள் இருந்துவிட்டு வந்தார். என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, கையை ஒரு சாண் அகலத்துக்கு விரித்துக் காட்டினார்.

உங்களிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஜீப்பில் நீங்கள் இருந்த இருப்பைத்தான் மதினி. கடைக்கு வருகிறவர்கள் அடுத்த வீட்டைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்கிறார்கள். சில நாள் என் வாழ்க்கைக்கும் சேர்த்தே சொல்கிறார்கள். முன்பெல்லாம் எதிர்த்துப் பேசுவேன், அல்லது பயந்துபோய் அவர்கள் சொன்னபடி செய்வேன். இப்போது தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு எழுந்து, போக வேண்டிய இடத்துக்குப் போகிறேன்.