ஆம்பூர் வாசகர்கள்

சென்னை,
8-1-1933

என் செல்லக் கிருபாவுக்கு,

மாமா ஆசீர்வாதம் எழுதுவது. கர்த்தர் தயவால் சுகமாக இருக்கிறேன். இருமல் மட்டும் என்னைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே, சொன்னால் கஷாயம் பார்சலில் வந்து இறங்கும்.

உன் அப்பா காரியதரிசியாக இருந்து நடத்தும் அயல்நாட்டு ஆராய்ச்சிச் சங்கத்தின் மாதப் பத்திரிகை ஆம்பூரில் மட்டும் நானூறு பிரதி விற்கிறதாம். சென்னையில் நாற்பது விற்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. இலங்கைத் தோட்டக் கூலிகளைப் பற்றியும் இங்கிலாந்து வர்த்தக உடன்படிக்கையைப் பற்றியும் நான் எழுதுவதை அங்கே யார் படிக்கிறார்கள்? உன் அப்பாவைக் கேட்டால் "எல்லாரும்" என்கிறார். எனக்கு முகம் தெரிய வேண்டும். நீ கண்ணால் பார்த்ததை எழுது.

வாசகர் காசிலேயே சங்கம் நடக்குமானால் கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆம்பூருக்கே வந்து எழுதலாம் என்று ஓர் எண்ணம். முதலாளி காசும் கம்பெனி காசும் தொடாத சங்கம் இந்த ராஜதானியில் வேறு எது?

அன்புள்ள மாமா,
ஆசீர்வாதம்


ஆம்பூர்,
15-1-1933

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

கிருபா வணக்கமாய் எழுதுவது. இங்கு யாவரும் சுகம்.

உங்கள் வாசகர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் தோழி ஜஹீருன்னிசாவின் வாப்பா பத்திரிகையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாராம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் காசிநாதன் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்களைச் சுற்றி உட்காரவைத்து உரக்கப் படிக்கிறார். இலங்கைக் கட்டுரையைக் கேட்டுவிட்டு ஒருவர் அழுதேவிட்டார். முடிவெட்டும் கடையில் பத்திரிகைக்காகவே தாடி வளராதவர்கள்கூட வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீங்கள் வந்தால் முன் அறையில் உங்கள் மேசையைப் போடலாம் என்று அம்மா சொன்னாள். என் படிப்பை இந்த நான்காம் பார வகுப்போடு நிறுத்தப் போவதாக அப்பா சொல்கிறார். நீங்கள் இங்கே இருந்தால் அப்படிச் சொல்லமாட்டார். சீக்கிரம் வாருங்கள்.

தங்கள் பிரிய
கிருபா


சென்னை,
6-2-1933

என் செல்லக் கிருபாவுக்கு,

நீ செய்த உதவி உனக்கே தெரியாது. சனிக்கிழமை இங்கே சங்கக் கூட்டம். ஒரு வக்கீல் எழுந்து, "இந்தச் சங்கத்துக்குச் சோறு போடுவது யார்? தோல் வியாபாரிகள் என்று ஊரில் பேச்சு இருக்கிறதே" என்று கேட்டார். நான் உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். முடிவெட்டும் கடைக்குச் சிரித்தார்கள். காசிநாதனுக்குக் கைதட்டினார்கள். வக்கீல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடிதத்தை நகலெடுத்து உன் அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பச்சைத் தோலுக்கு உள்ள ஏற்றுமதி வரியை எடுத்துவிட வேண்டும் என்று எழுதும்படி ஆம்பூர் வாசகர்கள் கேட்பதாக அப்பா எழுதியிருக்கிறார். பதனிடாத தோல் அப்படியே கப்பல் ஏறினால் ஆம்பூர் ஷாப்களில் வேலை ஏது? ஆனால் தோலிலேயே பிழைக்கிறவர்கள் கேட்கும்போது, நான்தான் எங்கோ தவறாக யோசித்திருப்பேன்.

மாதக் கடைசியில் ராஜினாமாவைக் கொடுத்துவிடுவேன். மேசையைத் துடைத்து வை.

அன்புள்ள மாமா


ஆம்பூர்,
10-2-1933, இரவு

மாமா,

எல்லாரும் தூங்குகிறார்கள். விளக்கைத் தணித்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தாலும் கை நின்றுவிடுகிறது. தயவுசெய்து வேலையை விடாதீர்கள். முதலில் இதை எழுதிவிட்டேன்.

ஆம்பூரில் உங்கள் பத்திரிகையை யாரும் படிக்கவில்லை. நான் எழுதிய ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் படித்ததாக எழுதியது பொய். காசிநாதனுக்கு எழுத்தே தெரியாது.

நானூறு பிரதியையும் வாங்குகிறவர் ஒருவர்தான். பச்சைத் தோலை லண்டனுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஏஜெண்ட் ஷபீ அஹமது சாயபு. பணத்தைக் கட்டிவிட்டு, பத்திரிகைக் கட்டைக்கூடப் பிரிக்காமல் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கே வண்டியில் அனுப்பிவிடுகிறார். வேலைக்காரி பட்டம்மாள் அதைப் போட்டுத்தான் வெந்நீர் அடுப்பு எரிக்கிறாள். நான் நின்று பார்த்தபோது, "இன்னா பாப்பா அப்படி பாக்கறே? விறகுக்கு மேல எரியுது. உங்க மாமா எழுத்துல சூடு ஜாஸ்தி" என்று சிரித்தாள். அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

உங்களுக்குப் போன மாதம் எழுதும்போதே அந்தக் கட்டுகளைப் பார்த்திருந்தேன். விற்காமல் மிஞ்சியவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் இங்கே வரவேண்டும் என்று அவ்வளவு ஆசை.

நேற்று சாயபு வந்திருந்தார். நான் காபி கொண்டுபோனேன்.

"தானியேல் சார், நான் காசு குடுத்து புக்கு வாங்கறேன். வாங்கினவன் படிச்சாகணும்னு சட்டம் இருக்குதா இன்னா? வரி சமாச்சாரம் மட்டும் நம்ம கம்பெனிக்குத் தோதா வரட்டும்" என்றார் அப்பாவிடம்.

"ஆசீர்வாதத்துக்கிட்ட கம்பெனின்னு சொன்னா பேஜாராய்டும். வாசகருங்க கேக்கறாங்கன்னு சொல்லியிருக்கேன், எழுதிடுவான்" என்றார் அப்பா. பிறகு என்னைக் காட்டி, "இவ லெட்டர் ஒண்ணு போதும் சாயபு. மெட்ராஸே நம்பிட்ச்சி" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அப்பா என்னை மெச்சிக்கொண்டு வெகுநாளாகிறது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மாமா. மற்ற எல்லாவற்றையும்விட அதை நினைத்துத்தான் கூசுகிறது.

இதை ஜஹீருன்னிசா தபாலில் போடுவாள். பதிலை இத்துடன் உள்ள அவள் விலாசத்துக்கே எழுதுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றோடு என் பள்ளிக்கூடம் நின்றுவிடும்.

கிருபா


சென்னை,
17-2-1933

கிருபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ராஜினாமா கொடுக்கவில்லை. இனிமேல் சங்கத்துக்கு எழுதமாட்டேன் என்று உன் அப்பாவுக்கு எழுதிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால், யார் சொன்னது என்று உன்னிடம்தான் வந்து நிற்பார்.

வக்கீலின் கேள்விக்கு நான் ரயிலேறி வந்து விடை தேடியிருக்க வேண்டும். சோம்பேறித்தனமாக ஒரு குழந்தையைச் சாட்சிக்கு அழைத்தேன். நான் கேட்க ஆசைப்பட்டதையே அது சொன்னது. வெட்கம் என்னுடையது.

உன் இரண்டாம் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பெற்ற தகப்பனுக்கு எதிராக ஒரு பிள்ளையின் எழுத்தைச் சபையில் படிக்க என்னால் ஆகாது. கைதட்டியவர்கள் தட்டியபடியே போகட்டும். கொஞ்ச காலம் எனக்கு எழுதாதே.

ஆசீர்வாதம்


ஆம்பூர்,
4-3-1933, இரவு

அன்புள்ள மாமா,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

இந்த மாதப் பத்திரிகை வந்துவிட்டது. வரியை எடுக்கச் சொல்லி அப்பாவே எழுதியிருக்கிறார். "ஆம்பூர் வாசகர்களின் ஒருமித்த விருப்பம்" என்று தலைப்பு. அதன் கீழே, "ஒரு மாணவியின் கடிதம்" என்று போட்டு, உங்களுக்கு நான் எழுதிய பொய்யை, காசிநாதன் பெயரோடு, அச்சடித்திருக்கிறார். இந்த முறை சாயபு கட்டுகளைத் திருப்பி அனுப்பவில்லை. ஊரெங்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் காசிநாதன் எங்கள் வாசலில் வந்து நின்றார். சட்டை கிழிந்திருந்தது. "நான் வரியை எடுக்கச் சொன்னேனாம். கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டேன்னு ஷாப்புல நம்ம ஜனங்களே அடிக்கிறாங்க. எழுத்தே தெரியாதவனை இப்படி எழுதிவுட்ட பொண்ணு யாரு பாப்பா? உங்க ஸ்கூலா?" என்று கேட்டார். அவருக்கு என்மேல் சந்தேகமே இல்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

ஆகையால் நீங்கள் கிழித்ததை மறுபடியும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் மாமா என்ற வார்த்தை இல்லை. "சங்கத்துச் சபையோருக்கு" என்று தொடங்கி, அடியில் என் முழுப் பெயர் போட்டிருக்கிறேன். உங்களால் படிக்க முடியாவிட்டால் அந்த வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். இன்னொரு பிரதியை அப்பாவின் மேசைமேல் வைத்தாகிவிட்டது. விடிந்ததும் பார்ப்பார்.

காசிநாதனுக்கு எழுதிக் கொடுத்துப் பிரயோஜனமில்லை. அவர் ஷாப்புக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். அப்பாவை நினைத்தால்கூட இவ்வளவு பயமில்லை.

தா. கிருபாவதி