ஹாட் யோகாவை நிறுத்திய மகளுக்கு

அயனம்பாக்கம்,
மே 4

அன்பு மகள் ரெனிதாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர எனக்கு மனசு ஆறவே இல்லை. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் மெல்போர்ன் திரும்புகிற உன் சிநேகிதி ஃபெபி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எடையைக் குறைத்துக்கொண்டு பிரசவத்துக்கு வாம்மா என்று சொல்லி வானகரத்தில் ஹாட் யோகாவில் சேர்த்துவிட்டதும் நீ, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை நிறுத்தியதும் நீ, இப்போது எனக்குப் பதில் உன் மாமியாரை வரச் சொல்லியிருப்பதும் நீயே. நான் என்ன செத்தா போய்விட்டேன்?

அந்த அறைக்குள் ஒரு நாள் நின்று பார்த்தால் உனக்குத் தெரியும். நம் ஊரில் மார்ச் மாதம் சும்மா உட்கார்ந்தாலே வியர்க்கிறது, இதில் கதவைச் சாத்திவிட்டு ஹீட்டர் வேறு. சுற்றிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான். பக்கத்தில் ஐடியில் வேலை பார்க்கிற பெண்கள் குனிந்து கால் விரலைத் தொடுவார்கள், எனக்கு வயிறு இடிக்கும், முழங்கால்கூட எட்டாது. வெளியே வந்தால் ஆட்டோ வரதன், "இன்னாக்கா, ஏரில உய்ந்து எய்ந்து வர்ற மாதிரி கீற?" என்று கேட்பான். சேர்ந்தபோது தொண்ணூற்று நாலு கிலோ, ஐந்து வாரம் கழித்துத் தொண்ணூற்று மூன்றரை. ஒரு சொம்பு மோர் குடித்தால் அந்த அரையும் திரும்பி வந்துவிடும். அந்த எடை மெஷினைத் தூக்கிக் குப்பையில் போடலாமா என்று இருந்தது.

அந்த அறையில் நான் மயங்கி விழுந்தது என் தப்புதான், யோகாவின் தப்பு இல்லை. அன்றைக்குத் தவக்கால வெள்ளி, ஒருசந்தி. மத்தியானச் சாப்பாடு வரை ஒன்றும் தொடக்கூடாது என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன், தவமும் ஆகும் எடையும் இறங்கும் என்று நினைத்தேன். சொல்லிக்கொடுக்கிற கிருஷ்ணப்பிரியா, "ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள், ஆமாம் என்று தலையாட்டினேன். பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்யைச் சொன்னதும் சாமியாரே சிரித்துவிட்டார். உன் அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, உடனே உனக்குப் போன் போட்டுவிட்டார். டாக்டரிடம் காட்டிவிட்டேன். பிரஷர் சரியாக இருக்கிறதாம், வெறும் வயிற்றில் போகாதே, தண்ணீர் குடி, தலை சுற்றினால் வெளியே வந்துவிடு என்றார். யோகாவுக்கே போகாதே என்று அவர் சொல்லவில்லை, நீதான் சொன்னாய்.

நேற்று அப்பா கடைக்குப் போயிருந்தபோது ஹாலில் தரையில் உட்கார்ந்தேன். காலை நீட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டப் போடுகிற மாதிரி தலையணையைக் காலில் போட்டுக்கொண்டேன். பிறகு நானே எழுந்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான், மூன்று நிமிடம் ஆனது, முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆனால் பொங்கலன்று கோலம் போட உட்கார்ந்தவளை அப்பாவும் பக்கத்து வீட்டு ராஜம்மாவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினார்கள், உனக்குச் சொல்லவில்லை. சம்பந்தியம்மா நல்லவர்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உன் பிள்ளையை நான் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, டீயோடு சேர்த்துப் போடாதே. குளிரில் சாக்ஸ் போடாமல் நடக்காதே. மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றுவாள். இதைப் படித்ததும் கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் செய்து அம்மாவைச் சேர்த்துக்கொள் என்று சொல். நீ சொல்லாவிட்டாலும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருகிற திங்கட்கிழமை நான் அங்கே வாசலில் போய் நிற்பேன்.

உன்மேல் கோபம் தீராத அம்மா,
ஜெயசீலி செபாஸ்டியன்