நான்கரை மணிக் கொடி

திருப்போரூர்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்புள்ள ஃபைஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் நலம். பேங்க் மாற்றலில் போன இடத்து ஏற்காட்டுக் குளிர் உனக்கு இப்போது பழகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ ஏதாவது கேட்பாய், நான் முறைத்துக்கொண்டு வைத்துவிடுவேன். இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம். மலை மாரத்தானில், நான்கரை மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு வேகம் காட்டி முன்னால் ஓடுகிறவர் பிடிக்கும் அந்த நான்கரை மணிக் கொடியை உனக்குத் தருகிறார்களா என்று மூன்று முறை கேட்டாய். இன்னும் தகவல் வரவில்லை என்று மூன்று முறையும் சொன்னேன். தகவல் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கொடி எனக்குத்தான் வந்திருக்கிறது. உனக்கு வராமல் போனதற்குக் காரணமும் நான்தான். கொடி பிடிப்பவர் போட வேண்டும் என்று பார்சலில் வந்த ஆரஞ்சு பனியன் என் கடையில் டைல்ஸ் சாம்பிள் அட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.

திட்ட வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்தித் திட்டிவிட்டு மேலே படி.

மாரத்தான் நடத்தும் உலகநாதன் சார் போன் செய்தார். நம் இரண்டு பேர் பெயரும் பட்டியலில் இருக்கிறது, ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்றார். “உங்க வூட்டம்மா வாட்ச்சே கட்ட மாட்டாங்களாமே அதீப், நம்பிக் குடுக்கலாமா?” என்று கேட்டார். போன வருஷம் அந்தக் கொடியை முடிவுக் கோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அவள்தான் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “நல்லா ஓடுவா சார், ஆனா டைம் கணக்கு அவளுக்கு வராது” என்றேன். சொல்லும்போது எனக்கு வாய்கூடக் கூசவில்லை, ஃபைஸா. போனை வைத்துவிட்டு டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தேன்.

போன வருஷம் நடந்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் முழுதாகத் தெரியும். மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோர ரோட்டில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம் இருபத்துநாலு வினாடி என்றால் கடைசி வரை அதேதான். முட்டுக்காடு பாலத்தைத் தவிர வேறு மேடே பார்க்காத இந்தக் காலை நம்பி, மலையிலும் அதே நேரத்தைப் பிடித்தேன். ஏற்றத்திலும் ஆறு இருபத்துநாலு, இறக்கத்திலும் ஆறு இருபத்துநாலு. கொடியை நம்பி என் பின்னால் வந்த இருபத்துமூன்று பேரில் பதினாறு பேர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில் நானும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ பின்னாலிருந்து வந்தாய். ஒரு கேள்வி கேட்கவில்லை. என் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த ஏழு பேரிடம், “நேரத்தைப் பாக்காதீங்க, மூச்சைப் பாருங்க. மேட்டுல பேசும்போது மூச்சு வாங்கி வார்த்தை உடைஞ்சா வேகத்தைக் குறைங்க, இறக்கத்துல நேரம் தானா திரும்பி வரும்” என்று சொல்லிக்கொண்டே போனாய். நான்கு மணி இருபத்தொன்பது நிமிஷம் நாற்பது வினாடி. கையில் வாட்ச் இல்லாமல்! நான் ஜீப்பில் வந்து இறங்கினேன். முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டா வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆமாம், எனக்கும் வயிறு சரியில்லை என்று நீயும் பக்கத்தில் நின்று சொன்னாய். ஒரு வருஷமாக யாரிடமும் அந்தப் பொய்யை நீ விட்டுக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவளைப் பற்றித்தான் நான் அப்படிச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். பொறாமைதான், வேறென்ன. ஏசுபாதம் சார் மேலும் பொறாமை. உன் பேங்க்குக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து, காலையில் உன்னோடு ஓடுகிறார் என்றால் ஓடிவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே போனில் “ஏசுபாதம் சார் சொன்னார்” என்று ஒன்பது தடவை சொன்னாய். எண்ணினேன். அவர் மனைவியும் கூட ஓடுகிறார் என்று நீ சொன்ன பிறகும் எண்ணினேன். ஆனால் அதெல்லாம் சின்னப் பொறாமை. பெரிய பொறாமை உன் மேல். ஓடக் கற்றுக்கொடுத்தவன் நான். கோவளத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, “மச்சான், எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்” என்று மணலில் உட்கார்ந்தவள் நீ. ஆறு வருஷமாக வினாடி வினாடியாகக் கணக்குப் போட்டு நான் பிடித்து வைத்திருந்ததை நீ சும்மா மூச்சை வைத்துப் பிடித்துவிட்டாய். வயிறு எரியாதா சொல்லு.

நேற்று முன்தினம் நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு மேம்பாலத்துக்குப் போனேன். நமக்கு மலைக்கு எங்கே போவது? பாலத்தில்தான் பத்து தடவை ஏறி இறங்கிப் பழகுகிறோம். நம் குழுவிலிருந்து பதினொரு பேர் இந்த வருஷம் நான்கரை மணிக் கொடியின் பின்னால் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கொடி யார் கையில் என்று நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது ஏற்றத்திலேயே வசந்தா அக்காவுக்கு மூச்சு இரைத்தது. சதுரங்கப்பட்டினம் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாரே, அவர்தான். இது அவருக்கு முதல் மாரத்தான். அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் எழுந்து ஆறு மாதமாக ஒருநாள்கூட விடாமல் ஓடியிருக்கிறார். நானோ வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு, குறைக்காதீங்கக்கா, குறைக்காதீங்க என்று விரட்டினேன்.

அவர் பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். “தம்பி, மலைல கொடிய ஃபைஸா தான புடிக்குது? நீ புடிக்கிறதா இருந்தா இப்பவே சொல்லிடு, நான் பேர வாபஸ் வாங்கிக்கிறேன். கோச்சிக்காத” என்றார். நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். பக்கத்தில் இருந்த மணி பயல் சிரித்துக்கொண்டே, “இன்னா அண்ணாத்த, இந்த வருசமும் எங்கள வுட்டுட்டு பரோட்டா மேல பழி போடப் போறியா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஃபைஸா! நாம் இரண்டு பேரும்தான் பெரிதாக மறைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டார். கடைசியில், “அவ ஓடுனா உனக்கு ஏன்டா மூச்சு வாங்குது?” என்று ஒரே போடாகப் போட்டார். அப்புறம் என்னோடு பேசவே இல்லை. நாஸ்தாவைத் தட்டில் வைத்து நகர்த்திவிட்டுப் போய்விடுகிறார்.

இன்று காலை உலகநாதன் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பரோட்டா பொய் என்றும், கொடி நேரத்துக்கு வந்து சேர்ந்தது உன் கணக்கால்தான் என்றும், டைம் கணக்கு பற்றிச் சொன்னது என் வயிற்றெரிச்சல் என்றும் சொன்னேன். அவர், “இன்னா சார் இது, உங்க வூட்டு பேஜாரெல்லாம் என் தலைல கட்றீங்க” என்றார். பிறகு இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பட்டியல் அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் நீயே போன் செய்து, ஏற்றத்தில் எந்த இடத்தை எத்தனை நிமிஷத்தில் தாண்டுவாய் என்று உன் வாயால் சொல்ல வேண்டுமாம். அது அவருக்குச் சரியாகப் பட்டால் கொடி உனக்கு. நீ பேசாவிட்டால் வெளியூரிலிருந்து யாரையாவது போட்டுக்கொள்வாராம். எனக்கு இனிமேல் எப்படியும் கிடையாது. அவருடைய நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பனியனையும் கூடவே அனுப்புகிறேன். நாளை மாலைக்குள் உன் பேங்க்குக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். போகவில்லை. “அப்ப அவுங்கதான் ஒஸ்தின்னு சொல்லுங்க” என்று உலகநாதன் சார் சொன்னபோது சுருக்கென்றுதான் இருந்தது. பனியனை மடிக்கும்போதுகூட ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடித்தேன். எனக்குக் கச்சிதமாக இருந்தது. உனக்குத் தொளதொளவென்று இருக்கும், பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக்கொள்.

என் மேல் இருக்கும் கோபத்தில் அவருக்குப் போன் செய்யாமல் இருந்துவிடாதே. எனக்காகக் கேட்கவில்லை. வசந்தா அக்கா பெயரை இன்னும் வாபஸ் வாங்கவில்லை, கொடி யார் கைக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார். அவர்கள் பதினொரு பேரையும் நீ பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் உன் மூச்சுக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பாற்றட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்கிறேன், இன்று முதல் உண்மையாகவே கேட்கிறேன்.

அவரிடம் பேசி முடித்த பிறகு எனக்கும் ஒரு போன் செய்வாயா? திட்டுவதற்காவது செய். வெள்ளிக்கிழமை கடையை மூடிவிட்டு வீட்டிலேயே இருப்பேன். எத்தனை மணியானாலும் எடுப்பேன், முதல் மணியிலேயே எடுப்பேன். பாதியில் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் முகத்தை நேரே பார்க்க வெட்கப்படும்
உன் மச்சான்,
அதீப்