நாலு மணிக்கு முன் பெட்டியைத் திறக்காதீர்கள்

என்னங்க,

மூன்று நாளாக நீங்கள் என்னோடு பேசாததால் எழுதிவைக்கிறேன். ஆஸ்பத்திரி லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம், பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கிளம்புகிறேன். முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்குக் கூரியர்காரர் வருவார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பது வருடமாக நான் தேடிய அதே பச்சை எலெக்ட்ரிக் கிடார், வெளிநாட்டில் ஒருவர் வாசித்துப் பழசானது.

"இருக்கிற ரெண்டு கிடாரே பீரோ மேல தூங்குது, மூணாவது எதுக்குடி?" என்று கேட்டீர்கள். அவை இரண்டும் உள்ளே காலியான மரக்கூடு, சத்தம் தானாக வரும். இது கெட்டிப் பலகை. கம்பி அதிர்ந்தால் அடியிலுள்ள காந்தச்சுருள் அதை மின்சாரமாக மாற்றும். ஹெட்போனில் எனக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்கலாம், உங்கள் தூக்கம் கெடாது. இதைச் சொல்லி முடிப்பதற்குள்தான் கதவைச் சாத்திக்கொண்டீர்களே!

பெட்டியை வெயில் படாமல் கட்டிலுக்கடியில் படுக்கவையுங்கள். விமானத்தில் குளிர்ந்த மரம் திடீரென்று சூடானால் மேல்பூச்சு விரிசல் விடும். அதனால்தான் நாலு மணிக் கணக்கு.

(இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) நாலு மணிக்கு மேல் உங்கள் கை சும்மா இருக்காது. புது மிக்ஸியை நான் வருவதற்குள் கழற்றிப் பார்த்தவர்தானே? திறந்திருந்தால் சண்டை முடிந்தது என்று எடுத்துக்கொள்வேன். பார்த்துவிட்டுப் பழையபடி ஒட்டிவைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டேப் ஒட்டிய விதத்தை விற்றவர் நாலு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்.